பொடக்காலிக் கேமரா

உக்காருங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும், பரவால்லீங்க. தங்கவேலு போன் பண்ணிச் சொன்னாரு. ஒருத்தர் வருவாரு, புதுசா வூடு கட்டியிருக்காரு, கம்மி செலவுல கேமரா வெக்கோணும்ங்கறாரு, பழைய கம்ப்யூட்டர்ல லினக்ஸ் போட்டு ஓட்டலாமான்னு கேக்கறாருன்னு. தாராளமா ஓட்டலாமுங்க. இந்த வூட்டுல பத்து மாசமா ஓடுதே. அந்தா, பீரோவுக்குப் பக்கத்துல ர்ர்ருனு ஒரு சத்தம் கேக்குதில்லீங்க, அதேதான்.

காப்பி குடிக்கறீங்களா? நானே போடறதுதான். நல்லாயிருக்கும்னு சொல்ல மாட்டேன்.

கார்டைப் பத்தித்தானே கேக்க வந்தீங்க. கேமரா ஒயரெல்லாம் வந்து சொருகற கார்டு. இந்தச் சோலியில அதுதான் உசுரு. ஒண்ணு சொல்றனுங்க, டப்பாவைப் பாத்து வாங்கிப்போடாதீங்க. எட்டுக் கேமரா, பதினாறு கேமரான்னு டப்பா மேல கொட்டை எழுத்துல போட்டிருப்பான். கூட ஒரு சிடியும் குடுப்பான். அந்த சிடி லினக்ஸ்ல ஒண்ணுத்துக்கும் ஆவாது. கார்டை வெளிய எடுக்கச் சொல்லுங்க. கருப்பா இருக்கற சிப்பு மேல ஒரு நம்பர் இருக்கும், அதைக் குறிச்சுக்குங்க. எந்தெந்த சிப்பு வேலை செய்யும்னு லினக்ஸ்காரங்க நெட்டுல ஒரு பட்டியல் போட்டு வெச்சிருக்காங்க. அதுல அந்த நம்பர் இருந்தா வாங்குங்க. இல்லீன்னா அரை வெலைக்குக் குடுத்தாலும் வேண்டாம். கடைக்காரன் மொறைப்பான். மொறைச்சுட்டுப் போறான்.

கடைக்காரனுங்களை நம்பவே நம்பாதீங்க. நான் இன்னிக்கு இப்படித் தனியா உக்காந்திருக்கறனே, அதுக்குக் காரணம் ஒரு கடைக்காரன்தான். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தான்னா போதும். சொல்லலை. வர்றேன், அதுக்கு வர்றேன்.

நான் பெரிய படிப்பாளியெல்லாம் இல்லீங்க. பேரு சென்னியப்பன். மில்லுல எலக்ட்ரீசியன், முப்பத்தொரு வருசம். மில்லை மூடறப்ப ஆபீஸ் கம்ப்யூட்டரையெல்லாம் ஏலம் வுட்டாங்க, ஒண்ணு எடுத்தாந்தேன். அது சும்மா மூலையில கெடந்துச்சு. அப்பத்தான் வூட்டுல சாமான் காணாமப் போக ஆரம்பிச்சுது.

பெருசா ஒண்ணுமில்லீங்க. மொதல்ல ஒரு நெய் டப்பா. அப்புறம் ராகி மாவு. அப்புறம் எங்கூட்டுக்காரி துளசிமணி வருசா வருசம் போடற நார்த்தங்கா ஊறுகா, ஒரு ஜாடி முழுசா. பழைய வெள்ளை வேட்டி ரெண்டு. ஒரு நாள் பாத்தா, மேல அட்டாலிப் பரண்ல கெடந்த தொட்டில் கம்பியைக் காணோம். எங்கம்மணி, எங்க பொண்ணு, பொறந்தப்ப வாங்கினது. தொட்டில் கம்பியை எந்தத் திருடன் எடுப்பான்? எடைக்குப் போட்டாலும் ஒண்ணும் தேறாது. துளசிமணிகிட்டக் கேட்டா, எனக்கென்ன தெரியும், எலி இழுத்துட்டுப் போயிருக்கும்ங்கறா. எலி தொட்டில் கம்பியை இழுக்குமுங்களா?

வூட்டு வேலைக்கு சரசுன்னு ஒரு பொம்பளை வந்துட்டிருந்தா. எனக்கு அவ மேல சந்தேகம். நிறுத்திப்போட்டேன். துளசிமணி வேண்டாம் வேண்டாம்னு சொன்னா, அழுதுகூடப் பாத்தா. நான் கேக்கலை. சரசு நின்ன பொறகும் சாமான் போச்சு. சரி, கேமரா வெச்சுப்புடறதுன்னு முடிவு பண்ணினேன்.

மொதல்ல வாங்கின கார்டு இருக்கறதுலயே வெல கம்மி. நாலு கேமரா சொருகலாம், ஆனா உள்ள ஒரே சிப்பு. ஒரே ஆளு நாலு வாசலை மாறி மாறிக் காவல் காக்கற மாதிரி. நல்ல கார்டா இருந்தா நொடிக்கு இருபத்தஞ்சு படம் வரோணும். இதுல ஒரு கேமராவுக்கு ரெண்டு நொடிக்கு ஒரு படம் வந்தாப் பெருசு. திருடன் மூஞ்சி தெரிஞ்சாப் போதும், அவன் என்ன டான்ஸா ஆடப்போறான்னு நெனச்சுட்டேன். நீங்க அப்படி நெனச்சுப்போடாதீங்க. ஒரு கேமராவுக்கு ஒரு சிப்பு. இதை எழுதி வெச்சுக்குங்க.

முன் கேட்டுல ஒண்ணு, ஆசாரத்துல, அதாவது முன் கூடத்துல ஒண்ணு, மொட்டை மாடிப் படியில ஒண்ணு. இந்த மூணும் துளசிமணிக்குத் தெரியும். நாலாவது பொடக்காலியில. வூட்டுக்குப் பின்னாடி துவைக்கற கல்லு இருக்குது, தண்ணித் தொட்டி இருக்குது, அந்தச் சந்துப் பக்கம் ஒரு சின்னக் கேட்டு இருக்குது. சாமான் போறது அந்த வழியாத்தான்னு எனக்குப் பட்டுச்சு. பழைய லைட்டுக் கூண்டு ஒண்ணு சுவத்துல சும்மா இருந்துச்சு, அதுக்குள்ள கேமராவை ஒளிச்சு வெச்சேன். துளசிமணிகிட்டச் சொல்லலை. சொன்னா நாலு பேருகிட்டச் சொல்லுவா, திருடன் உசாராயிருவான்.

இங்க எங்கம்மணியைப் பத்திச் சொல்லோணும். எங்களுக்கு ஒரே பொண்ணுங்க, பிருந்தா. அவளுக்கு மாப்பிள்ளை பாத்து, மண்டபம் புடிச்சு, பத்திரிகையும் அடிச்சாச்சு. ஐநூத்திச்சொச்சம் பத்திரிகை. நானும் துளசிமணியும் வண்டியில போயி, தாம்பாளத்துல வெச்சு, ஒவ்வொரு வூடாக் குடுத்து முடிச்சோம். கலியாணத்துக்கு ஒம்பது நாள் இருக்கறப்ப, அவ கூட வேலை பாத்த பையனோட ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டா. வேற சாதிங்க. பையன் கெட்டவன்னு நான் சொல்லலை.

ஆனா அந்த ஐநூறு வூட்டுக்கும் நான் மறுபடியும் போனனுங்க. அதே வண்டி. கலியாணம் நின்னுபோச்சுங்க, சிரமப்பட்டு வந்துறாதீங்கன்னு வாசல்ல நின்னுட்டே சொன்னேன். போன்ல சொன்னாப் போதும்னு துளசிமணி சொன்னா. நேர்ல போயிக் கூப்பிட்டவங்களைப் போன்ல வேண்டாம்னு சொல்றதா? நேர்லதான் போனேன். சில வூட்டுல உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சு காப்பி குடுத்தாங்க. அந்தக் காப்பியையும் குடிச்சுப்போட்டு வந்தேன். கடைசி வூடு முடிச்சு வந்ததும் துளசிமணிகிட்டச் சொன்னேன், அவ பேச்சு இந்த வூட்டுல எடுக்கக்கூடாது, எடுத்தா நான் செத்ததுக்குச் சமம்னு. சரின்னு தலையாட்டினா. மூணு வருசம் எடுக்கலை. நானும் எடுக்கலை. அவ மறந்துட்டான்னுதான் நெனச்சுட்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமையானா மாகாளியம்மன் கோயில்ல மைக் செட்டு, லைட்டெல்லாம் நான்தான் பாக்கறது. அஞ்சரைக்குப் போனா, பூசை முடிஞ்சு எட்டு மணிக்குத்தான் வருவேன். கேமரா மாட்டின மொத வாரம், சனிக்கிழமை காலையில உக்காந்து பதிவானதைப் பாக்கறேன். ஏதாச்சும் அசைஞ்சாத்தான் அது பதியும். வெள்ளிக்கிழமை ஆறேகால். ஒரு படத்துல பொடக்காலிக் கேட்டு சாத்தியிருக்குது. அடுத்த படத்துல தொறந்திருக்குது, ஒரு பொம்பளை நிக்கறா. அதுக்கு அடுத்ததுல துவைக்கற கல்லு மேல உக்காந்திருக்கறா. மூஞ்சி தெரியலை, இருட்டு. ஆனா ஒரு காலை மடிச்சுப் போட்டு உக்காந்திருக்கறா. சின்னதுல இருந்தே அவ அப்படித்தான் உக்காருவா. மடியில ஒரு கொழந்தை, உச்சந்தலையில ரப்பர் பேண்டு போட்டு ஒரு குடுமி. பக்கத்துல துளசிமணி.

எனக்கு ஒரு பேத்தி இருக்குதுங்கறதே அப்பத்தானுங்க எனக்குத் தெரியும்.

கோவம் வந்துச்சு. பொய் சொல்லக்கூடாது. எந்திரிச்சு அடுப்படி வரைக்கும் போனேன். துளசிமணி தோசை ஊத்திட்டிருந்தா. என்னங்கன்னா. தண்ணி வேணும்னேன். தண்ணியைக் குடிச்சுப்போட்டு வந்து, மறுபடியும் மொதல்ல இருந்து பாத்தேன். கிளம்பறப்ப துளசிமணி முந்தானைக்குள்ள இருந்து எதையோ எடுத்துக் குடுக்கறா. தொட்டில் கம்பி எங்க போச்சுன்னு வெளங்கிருச்சு.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அரை மணி நேரம் முன்னாடியே கெளம்பிட்டேன். இப்ப என்ன அவசரம்னு துளசிமணி கேட்டா. ஆம்ப்ளிபயர் கொர்ருங்குது, பாக்கோணும்னேன். நான் போனாத்தானுங்களே அவங்க வருவாங்க. கோயில்ல உக்காந்திருந்தாலும் நெனப்பெல்லாம் இங்கதான். இப்ப வந்திருப்பா, இப்ப உக்காந்திருப்பா, இப்ப கொழந்தைக்கு ஏதாச்சும் ஊட்டிட்டிருப்பான்னு. ஒரு நாள் பூசை நடுவுல மைக்கை ஆன் பண்ணவே மறந்துபோயி பூசாரி திட்டினாரு.

கடையில ரெண்டு நெய் டப்பா வாங்கி வெச்சேன். எதுக்கு ரெண்டுன்னு கேட்டா. வெல கொறைச்சுப் போட்டிருந்தான்னேன். சனிக்கிழமை பாத்தா ஒண்ணைக் காணோம். எனக்கு அவ்வளவு திருப்தி. அப்புறம் பேரீச்சம்பழம் வாங்கினேன், ராகி மாவு வாங்கினேன், கொழந்தைங்க திங்கற பிஸ்கட்டு வாங்கினேன். சக்கரை வியாதிக்காரருக்கு பிஸ்கட்டு எதுக்குன்னு துளசிமணி ஒரு மாதிரி பாத்தா. ஆனா எடுத்து வெச்சுக்கிட்டா. சரசுவைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டா ஏன்னு சொல்லோணுமில்லீங்க. அப்படியே விட்டுப்போட்டேன்.

கார்டை ஏன் மாத்தினேன்னு கேட்டீங்கல்ல. ஒரு வெள்ளிக்கிழமை பதிவுல கொழந்தை துவைக்கற கல்லைப் புடிச்சுட்டு நிக்குது. அடுத்த படத்துல துளசிமணி கையில இருக்குது. துளசிமணி சிரிக்கறா, எங்கம்மணி கை தட்டறா. நடுவுல மூணு எட்டோ நாலு எட்டோ நடந்திருக்குது. மொத மொதல்ல நடந்திருக்குதுங்க, இந்த வூட்டுல, எங்க பொடக்காலியில. அதை மட்டும் அந்த தரித்திரம் புடிச்ச கார்டு விட்டுப்போட்டுது. ஒவ்வொரு படமா நகர்த்தி நகர்த்திப் பாத்தேன். இல்லை. அந்த நேரத்துல அது மொட்டை மாடிப் படியைப் பாத்துட்டிருந்திருக்குது. படியில ஒரு பூனைகூட இல்லீங்க.

அன்னிக்கே கடைக்குக் கெளம்பிட்டேன். நாலு சிப்பு கார்டு சுலபத்துல கெடைக்கலை. ஒண்ணு லினக்ஸ்ல ஓடாது. இன்னொண்ணு என்ற பழைய கம்ப்யூட்டர்ல சொருக முடியாது. காந்திபுரம் பூரா அலைஞ்சேன். நோட்டுப் போட்டு சிப்பு நம்பரெல்லாம் எழுதினேன். அஞ்சு வாரம் ஆச்சு. கார்டு மட்டும் மாத்தினாப் பத்தாது, பொழுது சாஞ்ச பொறகு அந்தக் கேமராவுல மூஞ்சி தெரியறதில்லே. ஒரு கடைக்காரன் சொன்னான், இந்தக் கேமராவைப் போடுங்க, கண்ணாடியைச் சுத்தி குட்டிக் குட்டியா பல்பு இருக்குது, இருட்டுலயும் மூஞ்சி தெளிவாத் தெரியும், ஆனா அந்த வெளிச்சம் மனுசன் கண்ணுக்குத் தெரியாதுன்னு. வெளிச்சம் தெரியாதுங்கறது நெசம். ஆனா பல்பு தணலு மாதிரி செவ செவன்னு தெரியும். அதை அவன் சொல்லலை. நானும் கேக்கலை.

ஒரு வெள்ளிக்கிழமை துளசிமணி ஒரு எழவு வூட்டுக்குப் போயிருந்தா. அந்த மத்தியானத்துல கார்டு, கேமரா ரெண்டையும் மாட்டினேன். பெரிய கேமரா, லைட்டுக் கூண்டுக்குள்ள போகலை. சன்ஷேடுக்கு அடியில வெச்சேன். மத்தியான வெயில்ல பல்பு எரியாதுங்க, இருட்டினாத்தான் தானா எரியும். நான் பாக்கறப்ப ஒண்ணும் தெரியலை. நல்லாத்தான் மாட்டியிருக்கறோம்னு கோயிலுக்குப் போயிட்டேன்.

எட்டு மணிக்குத் திரும்பி வந்தேன். துளசிமணி சோறு போட்டுட்டு அப்பவே போயிப் படுத்துட்டா. எழவு வூட்டுக்குப் போன அசதின்னு நெனச்சேன்.

சனிக்கிழமை காலையில பாத்தனுங்க. என்ன கார்டுங்க அது. கொழந்தை கேட்டுல இருந்து நடந்து வருது. கொலுசு தெரியுது. பாவாடை தடுக்குது, நிக்குது, மறுபடியும் நடக்குது. ஒரு எட்டைக்கூட கார்டு விடலை. நான் தனியா உக்காந்து சத்தமாச் சிரிச்சனுங்க. மூக்கு எங்கம்மா மூக்கு. கொஞ்ச நேரத்துல பொழுது சாஞ்சுது, படம் கருப்பு வெள்ளையா மாறுச்சு. பல்பு எரிய ஆரம்பிச்சிருக்குதுன்னு அர்த்தம். எனக்கு அப்பவும் உறைக்கலை. கொழந்தை தலையைத் தூக்கி நேரா என்னைப் பாக்குது. விரலை நீட்டுது.

எங்கம்மணி திரும்பிப் பாத்தா. எந்திரிச்சு கேமராவுக்கு நேர் கீழ வந்து நின்னா. மூணு வருசத்துக்கு அப்புறம் அவ மூஞ்சியை அப்பத்தான் பக்கத்துல பாக்கறேன். எளைச்சுப்போயிருக்கறா. கண்ணுக்குக் கீழ கருத்திருக்குது. அவளும் என்னைப் பாக்கற மாதிரியே இருந்துச்சு. அப்புறம் கொழந்தையைத் தூக்கி, துப்பட்டாவை இழுத்து அது மூஞ்சியை மூடினா. கண்ணு பட்டுறக்கூடாதுன்னு மூடுவாங்கல்ல, அப்படி. என்ற கண்ணுங்க. துளசிமணி நெய் டப்பாவைக் கையில வெச்சுட்டு அப்படியே நிக்கறா. கேட்டு சாத்துது.

திரும்பிப் பாத்தா எனக்குப் பின்னாடி துளசிமணி நிக்கறா, கையில பையோட.

"எத்தனை நாளாப் பாக்கறீங்க?"ன்னா.

"ஆறு மாசமா"ன்னேன்.

"ஆறு மாசமாத் தெரியும். தெரிஞ்சும், எம்புள்ளை திருடியாட்டம் வந்துட்டுப் போறதை உக்காந்து வேடிக்கை பாத்திருக்கறீங்க."

அப்படியில்லே துளசின்னு சொல்லோணும். அதுக்கோசரந்தான் நெய்யி, அதுக்கோசரந்தான் பிஸ்கட்டு, கொழந்தை நடக்கறதைப் பாக்கத்தான் அஞ்சு வாரம் நாயா அலைஞ்சேன்னு சொல்லோணும். ஆனா வாயில வந்தது, "என்ற வூட்டுல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியோணுமில்ல." அவ்வளவுதான் வந்துச்சு.

"உங்க வூட்டை நீங்களே பாத்துக்குங்க"ன்னா. போயிட்டா. எங்கம்மணிகிட்டயேதான் இருக்கறா, நாலு மாசமாச்சு.

நான் மானிட்டரை அணைச்சுப்போட்டேன். அந்தப் பக்கமே போகலை. ஆனா கம்ப்யூட்டரை அணைக்கலை. டிஸ்க்கு ரொம்பிறக்கூடாதுன்னு, முப்பது நாளைக்கு மேல பழசானதைத் தானா அழிக்கச் சொல்லி ஒரு வரி எழுதி வெச்சிருந்தேன். உங்களுக்கும் எழுதித் தர்றேன், அது இல்லீன்னா ஓட்ட முடியாது. இருபத்தொம்பதாம் நாள் மனசு கேக்காம மானிட்டரைப் போட்டனுங்க. ஆறு மாசத்து வெள்ளிக்கிழமையெல்லாம் போச்சு. கொழந்தை தவழ்ந்தது, கல்லைப் புடிச்சு நின்னது, துளசிமணி மடியில தூங்கினது, ஒண்ணும் இல்லை. கடைசி வெள்ளிக்கிழமை ஒண்ணு மட்டும் நின்னுச்சு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா அதுவும் போயிருக்கும். தனியா எடுத்து வெச்சிருக்கலாமேங்கறீங்க. வாரா வாரம் புதுசா வருதே, எதுக்குன்னு இருந்துட்டேன்.

போயிக் கூப்பிடலாமேன்னு தங்கவேலுவும் சொன்னாரு. பல்லடம் பஸ்ஸுல ஏறினா முக்கா மணி நேரம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ரெண்டு வாட்டி போயிட்டு வந்தேன். ஐநூறு வூட்டு வாசல்ல நின்னவன்தான் நான். இந்த ஒரு வூட்டு வாசல்ல போயி நின்னு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலீங்க. இப்ப வேற கேமரா பாத்து வெச்சிருக்கறேன். பல்பு எரியறதே தெரியாத வகை. அதை மாட்டிட்டு, இந்தப் பழசைக் கழட்டி எடுத்துட்டேன்னா, கேமரா போயிருச்சுன்னு நெனச்சு ஒரு வெள்ளிக்கிழமை வந்தாலும் வருவாங்க. வருவாங்கதானுங்களே? நான் அஞ்சு மணிக்கே கோயிலுக்குப் போயிருவேன்.

படம் எப்படித் தெரியுதுன்னு காட்டறேன், இப்படி வந்து பாருங்க. இந்தா வருது. பாத்தீங்களா, எவ்வளவு தெளிவு. இது நாலு சிப்பு. இங்க பாவாடை தடுக்கும் பாருங்க. இப்ப நிமிந்து பாக்கும். விரலை நீட்டுது. இதோட நிறுத்திக்கலாமுங்க. நான் எப்பவும் இந்த எடத்துல நிறுத்திருவேன்.

என்னங்க கேட்டீங்க? கொழந்தை பேருங்களா?

அது தெரியலீங்க. இந்தக் கார்டுல படம் மட்டுந்தான் வரும், சத்தம் வராது. சத்தமும் வர்ற கார்டு ஒண்ணு இருந்துச்சு, அதுக்கு எச்சா வெல சொன்னான். வூட்டுக் காவலுக்குச் சத்தம் எதுக்குன்னு நான்தான் வேண்டாம்னுட்டேன்.